டோகாவைட் என்று ஒரு கனிமம் இல்லை

ஜூன் 6, புதன்

ஏழாம் எண் படிகம். அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. கடுகுப்பூ நிறத்தில் ஒரு தகடு. கண்ணாடி இழையின் நுனியில் அதை ஒட்டவே காலை முழுவதும் போனது. மூச்சு விட்டால் பறந்துவிடும். மூன்றாம் எண் அப்படித்தான் போனது. ஐந்தாம் எண்ணை நானே தும்மித் தொலைத்தேன்.

மாலையில் எக்ஸ்-கதிர்ப் படம் வந்தது. நடுவில் புள்ளிகள் அழகாக அறுகோணமாக அடுக்கி நிற்கின்றன. வெளியே போகப் போக ஒவ்வொரு புள்ளியும் கலங்கி, ஓரம் கிழிந்து கிடக்கிறது.

ஹதானோ சான் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஆய்வகத்தின் உதவிப் பேராசிரியர். மூன்று வருடமாகப் பக்கத்து மேசை. இழையில் படிகம் ஒட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

"மட்டமான படிகம். தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு பாரு."

"அளந்த அஞ்சும் இப்படித்தான் இருக்கு."

"அப்ப ஆறாவதைப் பாரு." சோற்று உருண்டையைக் கடித்துக்கொண்டே போய்விட்டார்.

ஐந்தும் ஒரே மாதிரி மட்டமாக இருக்குமா? மட்டத்துக்கு ஏது ஒழுங்கு?

தூக்கிப் போடவில்லை.

ஜூன் 9, சனி

குனிமோட்டோ சான் வந்தார். லாரி ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மூடிய சுரங்கங்களின் கழிவு மேடுகளில் சுத்தியலோடு திரிவார். போன இலையுதிர்காலத்தில் குரோசே சுரங்கத்து மேட்டில் இந்த மஞ்சள் கல்லைக் கண்டெடுத்தவர். எந்தப் புத்தகத்திலும் இல்லாத கல் என்று எங்கள் பேராசிரியர் இஷிமாரு சென்செய் சொன்னதிலிருந்து மாதம் ஒருமுறை வந்து போகிறார்.

"என்ன, என் கல்லுக்கு இன்னும் ஜாதகம் எழுதலையா?"

"பாதி எழுதியாச்சு. எதெல்லாம் சேர்ந்து உண்டானதுன்னு தெரியும். செம்பு, வனேடியம், ஆக்சிஜன், தண்ணி. எது எங்க நிக்குதுன்னுதான் தெரியல."

"எங்க நின்னா என்ன? கல்லு கல்லுதானே."

"அடுக்கு தெரியாம, புதுக் கனிமத்தை ஒத்துக்கற ஆணையத்துக்கு அனுப்ப முடியாது. ஒரே சரக்கை வேற மாதிரி அடுக்கினா வேற கனிமம்."

"அது எனக்குத் தெரியும். லாரியில ஏத்தறவன்கிட்ட போய் அடுக்கு சொல்றியா." சிரித்தார். ஒரு பை லோக்குவாட் பழம் வைத்துவிட்டுப் போனார்.

முனைவர் பட்டப் படிப்பில் எனக்கு மூன்றாம் ஆண்டு. முதல் பெயராக ஒரு கட்டுரை இருந்தால்தான் டிசம்பரில் ஆய்வேட்டைக் கையில் வாங்குவார்கள். புதுக் கனிமம் என்றால் சர்வதேச ஆணையத்துக்கு அனுப்பும் விண்ணப்பத்தையே எங்கள் துறை கட்டுரையாக எண்ணும். இந்தக் கல்தான் உன் கட்டுரை என்று குளிர்காலத்திலேயே சென்செய் சொல்லிவிட்டார். வேறு எதுவும் என் கையில் இல்லை.

ஜூன் 21, வியாழன்

மூன்று.

வெளிவட்டப் புள்ளி ஒன்றைத் திரை முழுக்கப் பெரிதாக்கினேன். கிழிந்தது இல்லை அது. மூன்று புள்ளிகள், ஒன்றை ஒன்று ஒட்டி. அடுத்ததும் மூன்று. அதற்கடுத்ததும்.

அதாவது இது அறுகோணப் படிகமே இல்லை. சற்றே சாய்ந்த, சமச்சீர் குறைந்த ஒரு படிகம். ஒன்று நேராக, ஒன்று நூற்றிருபது பாகை திரும்பி, இன்னொன்று இருநூற்று நாற்பது பாகை திரும்பி, மூன்றும் சேர்ந்து வளர்ந்து, பார்ப்பவருக்கு ஓர் ஒழுங்கான அறுகோணமாகக் காட்டிக்கொள்கின்றன. மூன்று இருந்தாலும் எங்கள் துறையில் இதற்கு இரட்டைப் படிகம் என்றுதான் பெயர்.

ஒன்றை இன்னொன்றாகத் திருப்பும் கணித அணியை எழுதிக் கணினிக்குக் கொடுத்தேன். ஒன்பது எண்கள். பிழை விகிதம் நூற்றுக்குப் பத்தொன்பதிலிருந்து நாலுக்குக் கீழே இறங்கியது. அரை அரை அணுவாகப் பேய் மாதிரி நின்றதெல்லாம் மறைந்து, ஒவ்வொரு வனேடியத்தைச் சுற்றியும் நான்கு ஆக்சிஜன். முழுசாக. நிற்கவேண்டிய தூரத்தில்.

ஹதானோ சான் வந்து பார்த்தார். பிறகு கையிலிருந்த உறையால் என் தலையில் மெதுவாகத் தட்டினார்.

"அடிப்பாவி."

அவ்வளவுதான். அதைவிட நல்ல பாராட்டு இதுவரை எனக்குக் கிடைத்ததில்லை.

ஜூலை 19, வியாழன்

மழைக்காலம் முடிந்துவிட்டதாம். கருவியறையின் குளிருக்கு நான் இன்னும் ஸ்வெட்டரோடு.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

இறந்தவர்களை நினைக்கும் ஓபோன் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். அப்பாவின் கல்லறைக்குத் தண்ணீர் ஊற்றினோம். அம்மா மீன் வடைத் தொழிற்சாலையில் இன்னும் வேலைக்குப் போகிறாள். கை முழுக்க எண்ணெய்ப் புள்ளிகள்.

"நீ என்னதான் பண்றே, ஒரே வரியில சொல்லு. பக்கத்து வீட்டுல கேக்கறாங்க."

"கல்லுக்குள்ள அணு எப்படி அடுக்கியிருக்குன்னு பாக்கறேன்."

"பாத்து?"

"எழுதறேன்."

"எழுதி?"

"அவ்வளவுதாம்மா."

"சரி, படிச்சு முடிச்சாச்சுன்னா சொல்லு. அதைச் சொல்லிக்கறேன்."

செப்டம்பர் 27, வியாழன்

விண்ணப்பத்தை ஹதானோ சான் ஆங்கிலத்தில் எழுதுகிறார். என் ஆங்கிலம் நொண்டும் என்பது அறை முழுக்கத் தெரியும். அவரே முன்வந்தார். "நீ ஆய்வேட்டு வேலையப் பாரு. இந்த மண்ணாங்கட்டிப் படிவத்தை நான் பாத்துக்கறேன்."

எல்லாக் கோப்புகளையும் கொடுத்தேன். அணுக்களின் இடங்கள், அணி, படங்கள். பெயர் என்ன வைக்கலாம் என்றார். குரோசே சுரங்கத்தின் பெயரால் குரோசைட் என்றேன். "பாக்கலாம்" என்றார். சிரிப்பை அடக்குகிற முகம்.

இவரைப் போல ஒருவர் பக்கத்து மேசையில் வாய்க்க வேண்டும்.

அக்டோபர் 12, வெள்ளி

ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் ஆய்வக விருந்து. சென்செய் பீர்க் குவளையோடு எழுந்தார். புதுக் கனிமத்துக்குப் பெயர் முடிவாகிவிட்டது என்றார். ஹதானோ சான் மேசைக்கடியில் என் காலை உதைத்தார்.

"டோகாவைட்."

என் பெயர். டோகாவா என்கிற என் பெயர்.

எல்லாரும் கை தட்டினார்கள். அழுதேன். மூக்கைத் துடைக்கக் கொடுத்த காகிதம் முழுக்கச் சோயாச் சாறு. "அழுவுறதப் பாரு, இனிமே இவ உப்புக் கனிமம்" என்றார் ஹதானோ சான். சிரித்துச் சிரித்து விக்கல் வந்தது. அம்மாவுக்கு அங்கிருந்தே தொலைபேசியில் சொன்னேன்.

சந்தோஷமாக இருக்கிறேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன். வேறெங்கும் எழுதியதில்லை.

அக்டோபர் 13, சனி

பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான்.

தன் பெயரைத் தான் கண்ட கனிமத்துக்கு யாரும் வைத்துக்கொள்வதில்லை. எங்கள் துறையில் அதைவிட வெட்கக்கேடு இல்லை. முதல் வருடமே படித்தது. ஒருவர் பெயரால் கனிமம் வருகிறது என்றால் அந்த விண்ணப்பத்தை எழுதியவர்களில் அவர் இருக்க மாட்டார்.

வாயில் நுரையோடு ஓடிப்போய்க் கணினியைத் திறந்தேன். பொதுக் கோப்புறையில் விண்ணப்பம் இருக்கிறது. எழுதியவர்கள்: ஹதானோ, இஷிமாரு.

நான் தலைப்பில் இருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் நன்றியிலும் இருக்கிறேன் — 'படிக அடுக்கு ஆய்வில் உதவிய செல்வி டோகாவா நவோவுக்கு'.

உதவிய.

நேற்று இரவு முழுக்க இது தெரியாமல் சந்தோஷப்பட்டேனே. விதி தெரிந்த நானே. விதி தெரியாதவர் பண்ணினால் மன்னிக்கலாம், நான் பண்ணலாமா இப்படி ஒரு முட்டாள்தனம்?

அக்டோபர் 15, திங்கள்

கருவியறையில் ஹதானோ சான் தனியாக இருந்தார். கதவைச் சாத்தினேன்.

"எழுதினவங்க பட்டியல்ல என் பேர் இல்ல."

"இருக்க முடியாதே. தனக்குத் தானே மாலை போட்டுக்கிட்ட மாதிரி ஆயிடும். ஆணையத்துல சிரிப்பாங்க."

"அப்ப வேற பேர் வைங்க."

"டோகாவா, உயிரோட இருக்கறவங்கள்ல எத்தனை பேருக்கு இது கிடைக்கும்? கட்டுரைய அஞ்சு வருஷத்துல மறந்துடுவாங்க. கனிமத்துப் பேர் போகவே போகாது."

"எனக்கு டிசம்பர்ல ஆய்வேடு."

குளிரூட்டியின் திருகை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். அதில் ஒரு கோளாறும் இல்லை.

"எனக்கு மார்ச்சோட வேலை முடியுது. புதுக் கனிமம் ஒண்ணு முதல் பேரா இருந்தா வடக்குல ஒரு அருங்காட்சியகத்துல நிரந்தரமா எடுப்பாங்க."

"அத என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா குடுத்திருப்பியா?"

கொடுத்திருப்பேனா? இப்போதும் தெரியவில்லை. தெரியாமலே போகும்படி செய்துவிட்டார். கொடுப்பதற்கும் மறுப்பதற்கும் எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

வெளியே வரும்போது பின்னாலிருந்து, சாதாரணமாக, ஏதோ மறந்ததைச் சொல்கிற மாதிரி:

"அதோட, இரட்டைப் படிகமா இருக்கும்னு முதல்ல சொன்னது நான்தானே."

எப்படிச் சொல்ல வாய் வந்துச்சு? கூசலையா? முகத்தைப் பாத்துச் சொல்லலயே, முதுகைப் பாத்துதானே சொன்னாரு.

அக்டோபர் 16, செவ்வாய்

போகவில்லை. துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி துவைத்தேன்.

அக்டோபர் 17, புதன்

சென்செயின் அறை. நாற்காலியிலிருந்து கற்பெட்டிகளை இறக்கி எனக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். எப்போதும்போல் வாயில் காப்பி மிட்டாய். எனக்கும் ஒன்று நீட்டினார். எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்துக்கொண்டேன்?

"டோகாவா சான், உனக்குக் கோபம். எனக்குப் புரியாமலா இருக்கும்?"

"அடுக்கை நான்தான் கண்டேன், சென்செய்."

"ஆமா. அதனாலதான் உன் பேர். ஹதானோ வீட்டுல குழந்தை பிறக்கப் போகுது, தெரியுமோ?"

தெரியாது. மூன்று வருடம் பக்கத்து மேசை. தெரியாது.

"உனக்கு வயசு இருக்கு. இன்னும் ஒரு வருஷம் இருந்து வேற ஒரு கல்லைப் பாரு."

"உதவித்தொகை மார்ச்சோட நின்னுடும்."

"ஏதாவது வழி பண்ணலாம்." சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். வழி பண்ணப்போகிறவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

பிறகு ஒரு தாள் எடுத்துக் கொடுத்தார். சம்மதக் கடிதம். உயிரோடு இருப்பவர் பெயரை வைப்பதானால் அவர் கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் விண்ணப்பம் போகாது. நான்கு வரி. 'என் பெயர் சூட்டப்படுவதை மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன்.'

"அவசரமில்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள குடு."

அக்டோபர் 19, வெள்ளி

கொடுக்கவில்லை. காய்ச்சல் என்று மடல் அனுப்பினேன்.

அம்மா கூப்பிட்டாள். குரல் மேலே மேலே ஏறுகிறது.

"நவோ, பேப்பர்காரங்க தொழிற்சாலைக்கே வந்துட்டாங்கடி! மேனேஜர் எனக்குப் புதுத் தொப்பி குடுத்துப் போட்டோவுக்கு நிக்க வச்சார்."

"யாரும்மா அவங்களுக்குச் சொன்னது?"

"நான்தான். எல்லார்கிட்டயும் சொன்னேன். நம்ம பரம்பரையில கல்லறைக் கல்லைத் தவிர வேற கல்லுல யார் பேர் வந்திருக்கு? உங்கப்பா இருந்தா குதிச்சிருப்பார்."

"அம்மா, அது இன்னும் முடிவாகல."

"முடிவானதும் போடுவாங்களாம். போட்டோ எடுத்தாச்சு."

அவளிடம் எப்படிச் சொல்வது? பேர் வரும், நான் வரமாட்டேன் என்று? எனக்கே ஓர் இரவு பிடித்தது புரிய.

அக்டோபர் 22, திங்கள்

ஆய்வக ஏட்டை மே மாதத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அவர் சொன்னது உண்மையாக இருந்தால்? நான் மறந்துவிட்டு என்னுடையது என்று நம்பிக்கொண்டிருந்தால்? ஒரு வாரமாக அதுதான் உள்ளே அரித்தது.

ஜூன் 6: 'ஹ. சான் — மட்டம், தூக்கிப் போடு.'

ஜூன் 14: 'ஹ. சான் — போலிச் சமச்சீரோ என்னமோ. விட்டுத் தள்ளு.'

ஜூன் 18: 'பிளவு — மூன்றா? ஒவ்வொன்றும்?'

ஜூன் 21: அணி. ஒன்பது எண்கள். என் கையெழுத்து.

போலிச் சமச்சீர் என்றால் இரட்டைப் படிகமாக இருக்கலாம் என்றுதான் அர்த்தம். ஆக, சொல்லியிருக்கிறார். பொய் இல்லை. போகிற போக்கில் சொல்லிவிட்டு, விட்டுத் தள்ளச் சொன்னார். அந்த முதல் பாதியை மட்டும் எடுத்துப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

முழுப் பொய்யாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். இதை என்ன செய்வது?

அக்டோபர் 27, சனி

குனிமோட்டோ சானுக்குச் செய்தி எட்டிவிட்டது. லாரியை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்தார். வாழ்த்துச் சொல்லத்தான் வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

சைக்கிள் கொட்டகையில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். விதி அவருக்குத் தெரியாது. இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது.

"இரு, இரு. பேர் உன்னோடதுங்கறதால நீ பட்டியல்ல இருக்கக் கூடாது?"

"ஆமா."

"பொறந்தநாள்காரியை வாசல்ல நிறுத்திட்டு உள்ள கேக் வெட்டற மாதிரி."

"அதேதான்."

"பேர் வேண்டாம்னு சொல்லிட்டா?"

"என்னை விடறதுக்கு அவங்களுக்கு அப்பறம் காரணம் இல்ல. ஆனா சேப்பாங்கன்னு நிச்சயமும் இல்ல."

சிகரெட்டை எடுத்தார், வளாகத்தில் கூடாது என்று நினைவு வந்து திரும்ப வைத்தார்.

"இத பாரு, படிச்ச பொண்ணு. நான் கண்டெடுத்தேன், எனக்குன்னு ஒண்ணும் கேக்கல. கல்லு கிடைச்சதே போதும். ஆனா உனக்குப் போதாதுன்னா போதாதுன்னு சொல்லு. போதும்னு சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டேன்னு வையி, அப்பறம் நீ யாரைக் குத்தம் சொல்லுவே?"

நவம்பர் 1, வியாழன்

சம்மதக் கடிதத்தைக் கையெழுத்தில்லாமல் சென்செயின் மேசையில் வைத்தேன். ஹதானோ சானும் இருந்தார். இருக்கட்டும் என்று அந்த நேரமாகப் பார்த்துத்தான் போனேன்.

"பேர் வேண்டாம், சென்செய்."

"கொஞ்சம் யோசிச்சு—"

"யோசிச்சாச்சு. சுரங்கத்துப் பேரையே வைங்க."

ஹதானோ சான் முதல் தடவையாகக் குரல் உயர்த்தினார். "எவ்வளவு பெரிய விஷயத்தைத் தூக்கி எறியறேன்னு தெரியுதா உனக்கு?"

"தெரியும். நீங்கதானே தூக்கி எறியச் சொல்லிக் குடுத்தீங்க. நான் எறியாம வச்சிருந்ததுதான் இப்ப உங்க கையில இருக்கு."

சொல்லிவிட்டுக் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

சென்செயின் கையில் மிட்டாய்க் காகிதம் சரசரத்தது. சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது, இங்கே எழுதுகிறேன்: அந்தப் பெயர் ஒரு மூடி. மூடியை எடுத்த பிறகும் என்னை வெளியே வைத்தால், அது என்ன என்று இந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

நவம்பர் 9, வெள்ளி

புதிய விண்ணப்பம். பெயர்: குரோசைட். எழுதியவர்கள்: ஹதானோ, இஷிமாரு, டோகாவா.

மூன்றாவது. ஆங்கில அகர வரிசையாம். ஹெச், ஐ, டி. எவ்வளவு நியாயமான வரிசை. யாராலும் குறை சொல்ல முடியாது.

மாலை ஹதானோ சானிடமிருந்து குறுஞ்செய்தி. 'என்னால முடிஞ்சது இவ்வளவுதான். மன்னிச்சுடு.'

முடிந்தது என்ன, முடியாதது என்ன? பட்டியலை எழுதியவர் அவர்தானே.

நவம்பர் 11, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"நீயே வேண்டாம்னுட்டியா?"

"ஆமா."

"ஏன்டி?"

"அந்தப் பேர் இருந்தா, அத கண்டுபிடிச்சது நான்னு வராது."

"அப்ப அந்தப் போட்டோவ என்ன பண்ணச் சொல்றே?" என்றாள். பேப்பர்காரர்களிடம் அவளே பேசிக்கொள்வாளாம். தொழிற்சாலையிலும் அவளே சொல்லிக்கொள்வாளாம். தொலைபேசியை வைக்கும்போது குரலில் ஒன்றும் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

டிசம்பர் 14, வெள்ளி

ஐந்து மணிக்கு ஆய்வேடு வாங்கும் சாளரத்தை மூடிவிட்டார்கள். நான் உணவகத்தில் உடோன் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முழுவதும் சாப்பிட்டேன்.

மார்ச் 22, வெள்ளி

பாடங்களை முடித்துப் பட்டம் இல்லாமல் வெளியேறுவதற்கென்று ஒரு படிவம் உண்டு. இந்த நாட்டில் அதற்கென்றே ஒரு பெயரும் உண்டு. சுயவிவரத்தில் மரியாதையாக எழுதிக்கொள்ளலாம்.

கையெழுத்துக்குப் பதிலாக நான் போட்ட பெயர் முத்திரையை அலுவலகப் பெண் சரிபார்த்தாள். "வட்டம் கொஞ்சம் வெளிறியிருக்கு. இன்னொரு தடவை அழுத்திப் போடுங்க."

அழுத்திப் போட்டேன்.

ஆணையம் குரோசைட்டை ஏற்றுக்கொண்டது என்று இதே வாரம் செய்தி. ஹதானோ சானுக்கு வடக்கில் வேலை கிடைத்துவிட்டது. மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். பெண் குழந்தையாம். படம் காட்டினார். அழகாக இருந்தது. அழகாக இருக்கிறது என்று சொன்னேன். அது பொய்யில்லை.

மே 20, திங்கள்

கோஃபு. ரத்தினச் சோதனைக் கூடத்தில் இரண்டாம் மாதம். சுற்றிலும் மலை, தெருவுக்குத் தெரு நகைப் பட்டறை.

இன்று நாற்பது செவ்வந்திக்கல். எது மண்ணில் விளைந்தது, எது கொதிகலத்தில் வளர்த்தது என்று பிரிக்க வேண்டும். மேற்பார்வையாளர் மகாபே சானுக்கு என்னைவிட நான்கு வயது கூட. உதட்டில் எப்போதும் ஒரு திட்டு தயாராக இருக்கும்.

"கல்லைத் திருப்பிப் பிடி. வெளிச்சம் நேரா ஏறணும். உள்ள வரி வரியா கலர் தெரியுதா?"

"தெரியுது. இரட்டைப் படிகம்."

"அப்ப பெரும்பாலும் மண்ணுல விளைஞ்சது. கொதிகலத்துக் கல்லு அநேகமா ஒத்தையாத்தான் வளரும், சுத்தமா. கத்துக்கிட்டு வந்திருக்கே, பரவால்லயே. படிப்ப ஏன் விட்டே?"

"முடிக்க முடியல."

"இங்க யாரும் முடிக்கல. பெட்டிய நகர்த்து."

முதல் தடவையாக, இந்தக் கேள்விக்குப் பிறகும் எனக்குப் பசித்தது.

ஜூலை 8, திங்கள்

மதியம் ஹதானோ சான் கூப்பிட்டார். மார்ச்சுக்குப் பிறகு இப்போதுதான். பின்னால் குழந்தை அழுதது.

முழுக் கட்டுரையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மதிப்பிடுபவர்களில் ஒருவர் அடுக்கையே நம்பவில்லை. மூன்று பாகமாகத் திரும்பியிருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம், சாதாரண அறுகோணப் படிகம்தான் கெட்டுப்போயிருக்கிறது என்கிறாராம். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் கட்டுரை திரும்பிவிடும்.

"நான் எழுதிப் பாத்தேன், டோகாவா. அந்த ஒன்பது எண் எங்கிருந்து வந்ததுன்னு என்னால... நீ பத்து வரி எழுதிக் குடுத்தாப் போதும். நான் சேத்து அனுப்பிடறேன்."

"நானே பத்திரிகைக்கு நேரா அனுப்பறேன். என் பேர்ல."

"பதில் சொல்லவேண்டியது முதல் ஆளு. அது நான்."

"தெரியும். உங்களால முடிஞ்சா நீங்களே சொல்லுங்க."

குழந்தை ஓய்ந்துவிட்டது.

இது திரும்பி வந்தால் அவருக்குத் தலைகுனிவு. வரட்டுமே என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். எழுதி வைக்கிறேன்: ஆசைப்பட்டேன். ஆனால் அப்புறம் எல்லாப் புத்தகத்திலும் குரோசைட் அறுகோணம் என்றே அச்சாகும். அது அப்படி இல்லை.

"சரி," என்றார் கடைசியில். "அடுக்கைக் கண்டவங்க நீங்கதான்னு சொல்லி உங்க முகவரிய அவங்களுக்குக் குடுத்துடறேன்."

இத்தனை வருடத்தில் அவர் என்னை 'நீங்க' என்றது இதுதான் முதல் தடவை.

ஜூலை 10, புதன்

பத்திரிகை ஆசிரியரிடமிருந்து மடல். 'மதிப்பிற்குரிய டாக்டர் டோகாவா, இந்த அடுக்கைத் தீர்த்தவர் தாங்கள் என்று முதல் கட்டுரையாளர் தெரிவித்திருக்கிறார். கீழ்க்கண்ட ஐயங்களுக்குத் தங்கள் விளக்கத்தை எதிர்பார்க்கிறோம்.'

மகாபே சானிடம் அரை நாள் விடுப்புக் கேட்டேன். "காதலனா?" என்றாள். "கல்லு" என்றேன். "போய்த் தொலை" என்றாள்.

என் நொண்டி ஆங்கிலத்தில், நானே, நான்கு பக்கம். முதல் வரியில், நான் டாக்டர் இல்லை என்று எழுதினேன். இரண்டாம் வரியில் அணி.